இருபத்து மூன்றாவது சீட்டு

பழுப்பு, கறுப்பு, நீலம். நீலத்தில் குழப்பமில்லை, நீலம் என் வீட்டுக்காரருக்கும் நீலமாகத்தான் தெரிந்தது. பழுப்பு, பச்சை, சிவப்பு மூன்றும்தான் அவர் கண்ணுக்குள் போனதும் ஒரே சேற்று நிறமாகிவிடும். இப்போது கேட்க ஆளில்லாமல் நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டு நிறம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பழுப்பு, கறுப்பு, நீலம் என்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு எதிர்முனையில் யாரும் இல்லாவிட்டாலும் பேச வருகிறது. மணி ஒன்பது தாண்டிவிட்டது. நந்து பன்னிரண்டுக்கு வந்துவிடுவான். தஞ்சாவூரில் பஸ் ஏறும்போது போன் செய்கிறேன் என்றான். என் கொழுந்தன், அவருக்கு ஒரே தம்பி, போன மாதம் அவருடைய முதல் திதிக்கு வந்தபோது, சாப்பிட்ட இலையை மடித்துவிட்டு, "அந்த வண்டிய ஒரு தடவ கேக்கணும் அண்ணி" என்றான். பார்க்கணும் என்று சொல்லவில்லை. நான் சரி என்றேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க என் கை சும்மா இல்லாமல் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. கார் ஷெட் என்று பெயர், ஒருநாளும் கார் நின்றதில்லை, இந்த மோட்டார் சைக்கிள்தான் முப்பத்தேழு வருஷம், பெரும்பாலும் தார்ப்பாய்க்கு அடியில். ரிட்டயர் ஆனபின் அவர் பிரிக்கத் தொடங்கி, பிரித்துத் துடைத்துப் பெயிண்ட் அடித்து, பூட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தார். என்ஜினையும் சக்கரங்களையும் டேங்கையும் ஜபருல்லா மெக்கானிக் வந்து நாலு நாளில் பூட்டிவிட்டான். புது பாட்டரியும் வைத்தான். வயரிங்கைப் பார்த்ததும் மட்டும் தலையைச் சொறிந்தான். "அம்மா, இதெல்லாம் கட் பண்ணி வீசிட்டுப் புதுசு இழுத்துருவோம்மா. அய்யா என்னமோ பரிச்சைக்குப் படிக்கிற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் சீட்டு ஒட்டி வச்சிருக்காரு." வெட்டக் கூடாது என்று சொன்ன என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சரிம்மா, நீங்களே சொருகுங்க, சீட்டுலதான் எல்லாம் இருக்கே. சாயங்காலம் வந்து ஸ்டார்ட் பண்ணித் தர்றேன். கல்யாணப் பொண்ணு ரெடி, பூ மட்டும் நீங்க வச்சு விடுங்க" என்று சிரித்துக்கொண்டே போனான்.

பூ இல்லை இது, பாம்பு. கறுப்பு டேப் சுற்றிய நீளமான உடம்பு, தலைப்பக்கம் ஹெட்லைட் டூமுக்குள் போகிறது, வால் இருக்கைக்கு அடியில் பின்விளக்கு வரை. நடுநடுவே கால்கள் மாதிரி வயர்கள் பிரிந்து வெளியே வருகின்றன. ஒவ்வொரு காலிலும் ஒரு சீட்டு. ஒன்று, சாவி. இரண்டு, பாட்டரி. மூன்று, ஹெட்லைட். எண், பெயர், நிறம், தேதி, கடைசியில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் 'வ'. வனஜா பார்த்துவிட்டாள், அதாவது நான் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். ரயில்வே ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்தவர். ஒருத்தன் எண்ணணும், இன்னொருத்தன் பார்க்கணும், ரெண்டு கையெழுத்து இல்லாம ஒரு ஆணி வெளிய போகாது என்பார். ரயில் ஓட்டத்தான் ஆசைப்பட்டாராம். கண் பரிசோதனையில் புள்ளிகளுக்கு நடுவே எண் தெரியாமல் திரும்பி வந்தவர், வீட்டில் என்ஜின் புகை ஒத்துக்கொள்ளவில்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பா அம்மாவுக்குத் தெரியாது. நந்துவுக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணமாகி ஏழாம் மாதம், நான் கட்டியிருந்த பச்சைப் புடவையைப் பார்த்து "இந்தச் சிவப்பு உனக்கு நல்லா இருக்கு" என்றாரே, அன்றைக்கு நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். அதற்குப் பிறகு நான்தான் நிறம் சொன்னேன். தக்காளி பழுத்திருக்கிறதா, சட்டைக்கு நூல் சரியா, இந்த வயர் என்ன. ஷெட்டிலிருந்து "வனஜா, இது?" என்று ஒரு குரல் வரும். நான் அடுக்களை ஜன்னலில் எட்டிப் பார்த்து "பழுப்பு" என்பேன். கணவன் மனைவிக்குள் ரகசியமாக வேறென்னவெல்லாமோ இருக்கும் என்கிறார்கள். எங்களுக்கு நிறங்கள் இருந்தன.

பதினொன்று, ஹாரன். பிளாஸ்டிக் முனை உள்ளே போக மாட்டேன் என்கிறது, கட்டைவிரல் நகம் மடங்கிவிட்டது. மண்ணெண்ணெய் வாசனை, பெயிண்ட் வாசனை, அதற்கு அடியில் எங்கோ அவருடைய துண்டின் வாசனை, அல்லது அப்படி நினைத்துக்கொள்கிறேனோ. போன். மஞ்சரி. ஓசூரிலிருந்து மகள் தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள், ஆபீஸ் போகும் வழியில், சிக்னல்களுக்கு நடுவே எனக்கு ஒதுக்கிய எட்டு நிமிஷம். "சாப்டியாம்மா? என்ன சத்தம் அது? அம்மா, வண்டியையா நோண்டுற? ஷாக் அடிக்கப் போகுதும்மா." "பன்னிரண்டு வோல்ட்டுடி. கூச்சங்கூட வராது." "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? மெக்கானிக்கக் கூப்பிட்டா பத்து நிமிஷம்." "அப்பா சீட்டு எழுதி வச்சிருக்கார், பார்த்துப் பார்த்துச் சொருகுறேன்." "அப்பா கையெழுத்தா? ஒண்ணு போட்டோ எடுத்து அனுப்பும்மா" என்றாள். அனுப்பவில்லை. எந்தச் சீட்டை அனுப்புவது. அவளுக்கு அன்றைக்கு மூன்று வயது, நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், தோளில் போட்டுக்கொண்டே சோறு வடித்தேன், கஞ்சியின் ஆவி அவள் காலில் பட்டுவிடுமோ என்று உடம்பைத் திருப்பித் திருப்பி. அதை யோசிக்க வேண்டாம். பன்னிரண்டு, இடது இண்டிகேட்டர். பதின்மூன்று, வலது. பன்னிரண்டுக்குப் பின் பதின்மூன்று, பதின்மூன்றுக்குப் பின் பதினான்கு, இப்படியே போனால் இருபத்து மூன்று வந்துதானே தீரும்.

நவம்பர். ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ நவம்பர் வந்திருக்கிறது, என் மனதில் நவம்பர் என்றால் அது ஒன்றுதான். காலையிலிருந்து அவர் ஷெட்டில். பிரேக் மிதியின் சுவிட்ச் எரிந்துபோயிருந்தது, புதுசு வாங்கி வந்து வைத்துக்கொண்டிருந்தார். நடுவில் நாலைந்து தடவை "வனஜா, இது?" குழந்தை சிணுங்குகிறாள், ஈர விறகு மாதிரி வீடு புகைகிறது, நான் ஜன்னலுக்குப் போய்க் கத்தினேன், "எப்பப் பார்த்தாலும் என்ன நிறம், என்ன நிறம். நான் என்ன உங்க கண்ணா?" அந்த வார்த்தை வாயிலிருந்து போனதும் ஷெட்டில் ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் நிறம் கேட்கவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு ஒன்றே ஒன்று கேட்டார். "வனஜா, ஒரு நிமிஷம் பின்னாடி வந்து நில்லு. மிதிக்கிறேன். எரியுதான்னு பாரு." பிரேக் விளக்கை ஒரு ஆள் தனியாகப் பார்க்க முடியாது. மிதி முன்னால், விளக்கு பின்னால், ஒருத்தர் மிதிக்க ஒருத்தர் பார்க்க வேண்டும். நான் நெற்றியில் போடும் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். நின்ற இடத்திலிருந்து "எரியுது, எரியுது" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு பல வருஷம் தோன்றியிருக்கிறது, ஏன் என்று தெரியாது. நந்து அப்போது சட்டைக்கை மடித்துக்கொண்டு வந்தான், இருபத்தாறு வயது, மீசையில் தண்ணீர் சொட்ட. "அண்ணே, ஒரே ஒரு ரவுண்டு. துவாக்குடி வரைக்கும்." அந்த இரண்டு சிலிண்டர் சத்தம் தெருமுனை திரும்பி மெலிந்து போனது இன்னும் என் காதில் இருக்கிறது, காதை விற்றுச் சம்பளம் வாங்கியவள், எனக்குச் சத்தங்கள் மறக்காது.

ஆடு குறுக்கே வந்ததாம். நந்து பிரேக் பிடித்தான், பின்னால் வந்த லாரி பிடிக்கவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்று இரவு பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். லாரி டிரைவர் கருத்த ஒல்லி மனுஷன், கோர்ட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, எத்தனை தடவை கேட்டாலும் ஒரே வார்த்தைதான். "லைட்டே எரியலைங்க. முன்னாடி வண்டி நின்னதே தெரியலைங்க." பின்விளக்கு நொறுங்கித் தூளாகிவிட்டது, யார் நிரூபிக்க. யாரும் அவனை நம்பவில்லை. அவனுக்கு ஆறு மாதம் கிடைத்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், என் பக்கத்தில் அவர். நாங்கள் இருவரும் அந்த டிரைவரின் வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்று நினைத்தேன். பிறகு நந்துவுக்கு எஸ்.டி.டி. பூத் வாங்கித் தர நான் ஏறாத ஆபீஸ் படி இல்லை, கொடுக்காத மனு இல்லை. என் டிபார்ட்மெண்டிலேயே கேலி செய்தார்கள், வனஜாவுக்குக் கொழுந்தன் மேல் பெற்ற தாய்க்கு மேல பாசம் என்று. பாசம். பூத் திறந்த அன்று அவன் முதல் போனை எங்களுக்குத்தான் செய்தான். "அண்ணி, இனிமே நானும் உங்க ஜாதிதான், காதுல மாட்டிக்கிட்டேன்." நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, எரிந்திருக்கலாம், எரிந்திருக்கலாம் என்று மனதுக்குள் சொன்னேன். ஏனென்றால் பார்க்காமல் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடாது. சில சமயம் நிஜமும் பார்க்காமலே வாயில் வந்துவிடும். டிரைவர் தப்பித்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். இந்த 'லாம்' என்ற இரண்டெழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் முப்பத்தேழு வருஷம் தொங்கியிருக்கிறேன்.

இருபத்திரண்டு, பின்னால் சிவப்பு இரவு விளக்கு. ஆயிற்று. இருபத்து மூன்று மட்டும் பிரித்துச் சொருகுவதாக இல்லை, இருக்கைக்கு அடியில் அந்த இணைப்பு முன்பே பற்றவைத்து டேப் சுற்றியபடி இருக்கிறது, முதலிலிருந்தே அப்படியேதான். அதைத்தான் ஜபருல்லா வெட்டக் கூடாது என்றேன். அவர் அன்று பற்றவைத்த இணைப்பு அதே இடத்தில் அதே டேப்புக்குள் இருக்கிறது என்றால், இப்போது கரண்ட் கொடுத்து, புதிதாகப் பூட்டிய இந்தப் பின்விளக்கு எரிந்தால், அன்றும் எரிந்திருக்கும். இதற்குமேல் எந்தக் கோர்ட்டும் வேண்டாம். நந்து வருவதற்குள் தெரிந்துவிட வேண்டும். சாவியைத் திருப்பினேன். ஹாரன் முதலில் இருமிவிட்டுக் கத்தியது, தெருநாய் ஒன்று பதில் சொன்னது. இடது இண்டிகேட்டர், வலது. அடுத்தது பிரேக். தனியாள் எப்படிப் பார்ப்பது. ஜபருல்லா மிதி மேல் செங்கல் வைப்பான், பார்த்திருக்கிறேன். மதில் ஓரத்திலிருந்து ஒரு செங்கல் எடுத்து வந்து வைத்தேன், அடியில் ஒரு பூரான் ஓடியது. வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். ஆறு எட்டுத்தான். ஆறு எட்டு வைக்க அன்று எனக்கு முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வந்து, திறந்தேன். எரிகிறது. சிவப்பாக, பகல் வெளிச்சத்திலும் தெளிவாக, ஒரு பழம் மாதிரி எரிகிறது. அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எரிந்திருக்கிறது. நான் சொன்னது நிஜம். கால் இரண்டும் லேசாகிவிட்டன, பசித்தது, காபி வேண்டும்போல் இருந்தது, அவரைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது, ஏங்க, எரியுதுங்க. கூப்பிட்டே விட்டேன் போலிருக்கிறது, ஷெட்டின் தகரக் கூரையில் என் குரல் மோதித் திரும்பியது.

சீட்டைப் பார்க்காமல் எழுந்திருக்கலாம். எழுந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகச் செத்துப்போகலாம். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதே, இருபத்திரண்டு படித்தவள் இருபத்து மூன்றைப் படிக்காமல் எப்படி எழுந்திருப்பாள். மற்ற சீட்டெல்லாம் வெள்ளை டேப், இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் எழுதியவை, நடுங்கும் கை. இது பழைய ஸ்டோர்ஸ் அட்டை, ஓரம் கறையான் அரித்தது, வெள்ளை நூலால் கட்டியது. எழுத்து நடுங்கவில்லை. 23. பிரேக் விளக்கு. பழுப்பு. 9-2-88. அதற்குப் பிறகு வட்டம். வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. எண்பத்தெட்டு பிப்ரவரி. விபத்து எண்பத்தேழு நவம்பர். வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது ஜனவரிக் கடைசி. இனிமேல் தொட மாட்டேன் என்று சொல்லித் தார்ப்பாய் போட்டு மூடினார், நான் அடுக்களையிலிருந்து பார்த்தேன், மூடினார், ஆனால் எந்தத் தேதியில் மூடினார்? ஷேவிங் பிளேடை எடுத்து டேப்பை நீளவாட்டில் கீறினேன். பசை தேன் மாதிரி இழுத்தது. மேலே ஒரு டேப். அதை உரித்தால் உள்ளே இன்னொரு டேப், காய்ந்து செதிலாகிப்போனது, பழையது. பழுப்பு வயரும் சுவிட்ச் வயரும் முறுக்கி அழகாகப் பற்றவைத்திருக்கின்றன, ஈயம் பளபளப்பு மாறாமல். அதற்குப் பக்கத்தில், மடக்கி, தனியாக முனை கட்டி, ஒரு பச்சை வயர். அதன் நுனியிலும் ஈயம். ஒரு காலத்தில் அதுதான் இங்கே பற்றவைக்கப்பட்டிருந்தது, பிறகு வெட்டி எடுத்திருக்கிறார். பச்சையில் பிரேக்குக்குக் கரண்ட் வராது. அவருடைய சீட்டே சொல்கிறது, பதினெட்டு, பச்சை, நியூட்ரல் விளக்கு. அன்று அவர் பழுப்பு என்று நினைத்துப் பச்சையைப் பற்றவைத்திருக்கிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் என்ன உங்க கண்ணா.

எரியவில்லை. லாரிக்காரன் சொன்னது நிஜம். அதை ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொரு வயராகக் குத்திப் பார்த்து, நிறமே கேட்காமல் இவர் கண்டுபிடித்திருக்கிறார். சரிசெய்திருக்கிறார். யாருக்காக, இனி ஓட்டவே போகாத வண்டிக்கு? பிறகு சீட்டு எழுதி, வட்டம் போட்டு, உள்ளே எழுத்துப் போடாமல். ரெண்டு கையெழுத்து இல்லாம ஆணி வெளிய போகாது. என்னைக் கூப்பிட்டிருக்கலாம். வனஜா, பின்னாடி நில்லு. கூப்பிட்டால் நான் வந்திருப்பேனா. அடுக்களை ஜன்னலிலிருந்து நிறம் தெரியும், ஷெட்டின் முன்பக்கம் தெரியும், பின்விளக்கு தெரியாது. இது இந்த வீட்டைக் கட்டிய அவருக்குத் தெரியாதா. நான் 'எரியுது, எரியுது' என்று கத்தியபோதே நான் பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தம்பியிடம் சாவியைக் கொடுத்தார், மறுபடி கேட்டால் நான் இன்னொரு வார்த்தை சொல்லிவிடுவேன் என்று. அவர் ஒளித்தது தன் கண்ணையா, என் கண்ணையா? இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து முப்பத்தாறு வருஷம் ரசம் விட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். உப்பு போதுமா என்று கேட்டிருக்கிறேன். போதும் என்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மூக்கில் குழாயோடு, "அந்த இருபத்து மூணு மட்டும்" என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்றார். மாத்திரை எண்ணிக்கை என்று நினைத்தேன். ஒரு குரலை இன்னொரு குரலோடு சேர்த்துவிட்டு விலகிக்கொள்வது என் வேலை, ஊரில் எத்தனை பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறேன், இந்த ஒரு இணைப்பு மட்டும் விழவே இல்லை, இரண்டு பக்கமும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, மூச்சு மட்டும். ரயில்வே பணிமனையில் பகல் சங்கு ஊதுகிறது. பச்சை வயரை மடித்துப் புது டேப்பைச் சுற்றினேன். விரல்களில் பசை. செங்கல்லை எடுத்ததும் விளக்கு அணைந்தது.

கேட் திறக்கும் சத்தம். ஒரு கால், ஒரு கட்டை, ஒரு கால், ஒரு கட்டை. "அண்ணி! சாம்பார் வாசனையே காணோம். வண்டிக்கு மட்டும் சமைச்சீங்களா?" பஸ்ஸில் ஏறும்போது போன் செய்ய மறந்துவிட்டான், தலை முழுக்க வெள்ளை, மீசைக்குச் சாயம் போட்டிருக்கிறான். ஷெட் வாசலுக்கு வந்ததும் நின்றான். பையைக் கீழே வைத்தான். டேங்கின் மேல் கையை வைத்து, மாட்டின் கழுத்தைத் தடவுவது மாதிரித் தடவினான். "ஏறவா? ஸ்டாண்ட் தாங்குமா?" "தாங்கும். தோளப் பிடிச்சுக்கோ." என் தோள் எலும்பை அழுத்தி ஏறி உட்கார்ந்தான். "அப்ப ரெண்டு காலோட ஏறுனவன், இப்ப ஒண்ணரையோட வர்றேன். வண்டிக்கு அடையாளம் தெரியாது பாருங்க." நான் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பி ஹாரன் அடித்துக் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டான். பிறகு குனிந்து தன் வலது காலைக் கையால் தூக்கி மிதியின் மேல் வைத்தான். "அண்ணி, பின்னாடி போங்க. இந்தக் காலுக்குச் சொரணை கிடையாது, மிதிக்கிறேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. நீங்க பார்த்துச் சொன்னாத்தான் உண்டு." ஆறு எட்டு. பின்னால் போய் நின்றேன். "எரியுதா?" எரிந்தது. குனிந்து, கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தேன், சூடு ஏறவில்லை, தோல் மட்டும் சிவந்து தெரிந்தது. "எரியுது." "பார்த்தீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா?" என்று முதுகு குலுங்கச் சிரித்தான்.

"இன்னைக்குப் பார்த்தேன், நந்து."

"அப்படின்னா?"

"அன்னைக்குப் பார்க்கல. நீ துவாக்குடி போன அன்னைக்கு. அண்ணன் கேட்டார், எரியுதான்னு. நான் அடுக்களையில நின்னுக்கிட்டே எரியுதுன்னு சொன்னேன். எரியல."

வயரைப் பற்றிச் சொல்லவில்லை. நிறத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவருடையது, அவர் கதவைச் சாத்திவிட்டு எனக்கு மட்டும் சொன்னது. என்னுடையதை மட்டும் சொன்னேன். நந்து திரும்பவில்லை. பின்கழுத்தில் வெள்ளை முடிக்கு நடுவே வியர்வை இறங்குவது தெரிகிறது. பாலத்தில் ஒரு கூட்ஸ் போகிறது, பெட்டி பெட்டியாக, நான் எண்ணுகிறேன், எண்ணிக்கை தவறிவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. அது போய் முடிந்துவிட்டது. என் கைக்கு அடியில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அவன் காலை எடுக்கவில்லையா, எடுக்கவில்லை என்பதே அவனுக்குத் தெரியவில்லையா, இங்கே நின்று எனக்குச் சொல்ல முடியவில்லை. கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.